கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வேலை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும் எனக்கு நட்சத்திரம் கிடைத்தது. கத்தரிக்காய்க்கு.

விளக்கமாகச் சொன்னால், நட்சத்திரம் வாங்கியது என் மகள் நேத்ராவின் கலரிங் நோட்டு. கத்தரிக்காய்க்கு ஊதா அடித்தது நான். அவளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. எனக்கு முப்பத்தாறு வயது, பிளஸ் டூ, அதுவும் இரண்டாம் தடவை எழுதித் தேறியது. நான் படித்த காலத்தில் எந்த டீச்சரும் என் நோட்டில் நட்சத்திரம் ஒட்டியதில்லை. ரெஜினா மிஸ் இந்த மாதத்தில் மட்டும் ஆப்பிளுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, இப்போது கத்தரிக்காய்க்கு ஒன்று என்று ஒட்டித் தள்ளுகிறார். தவமணிக்குப் படிப்பு ஏறாது என்று சொன்னவர்களெல்லாம் வந்து பார்க்கட்டும். வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை என்பதால், வேலை பார்க்கும் கேஸ் ஏஜென்சியில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரியைத் தூசி தட்டி எழுதுகிறேன்.

முறை இதுதான். சுகந்திக்கு நூல் மில்லில் செகண்ட் ஷிஃப்ட். மதியம் போகிறவள் பாப்பா தூங்கிய பிறகுதான் வருவாள். நான் சிலிண்டர் லோடு முடித்து வந்து, பாப்பாவுக்குச் சோறு ஊட்டி, ஹோம்வொர்க் முடிக்க வைக்க வேண்டும். முதல் நாள் நோட்டை விரித்து கிரேயானைக் கையில் கொடுத்தேன். ரெண்டு இழுப்பு இழுத்தாள். கீழே போட்டாள். "கை வலிக்குது. நீ அடிப்பா" என்றாள். அடித்தேன். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. அவளும் சும்மா இருப்பதில்லை, எதற்கு எந்த நிறம் என்று சொல்வாள். கத்தரிக்காய்க் காம்புக்குப் பச்சை என்று நினைவுபடுத்தியதே அவள்தான். எஞ்சினியர் அவள், கொத்தனார் நான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பாலாஜி நகரில் மூன்றாம் மாடிக்கு சிலிண்டர் தூக்கிப் போனேன். அந்த வீட்டு அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, விரல் நகமெல்லாம் மஞ்சளா இருக்கு, வீட்ல விசேஷமா?" என்றார்.

"மாம்பழம்மா" என்றேன்.

"இந்த மாசத்துல மாம்பழமா?"

கீழே இறங்கி வந்து வண்டி ஓட்டும் காசிமாயனிடம் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். "மாப்ள, நீ பெரிய டிகிரி வாங்கப் போற. எல்.கே.ஜி. முடிச்சா யு.கே.ஜி. இருக்குல்ல, விட்றாத."

மாம்பழத்துக்கு மேலே பச்சை, கீழே வர வர மஞ்சள், நடுவில் லேசாக ஆரஞ்சு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று மிஸ் நோட்டில் 'வெரி குட் நேத்ரா' என்று எழுதியிருந்தார். பாப்பாவிடம் காட்டினேன். "அப்பா வெரி குட்" என்று என் கன்னத்தில் தட்டினாள். வெறும் தொடுதல். பஞ்சு படுவதுபோல் இருந்தது.

அவளையும் பழக்கலாம் என்று கிரேயானைக் கொடுத்தேன். நான்கு விரலையும் மடக்கி, உலக்கையைப் பிடிப்பதுபோலப் பிடிக்கிறாள். அழுத்தச் சொன்னால் தோளை அழுத்துகிறாள், கை அழுந்தவில்லை. காகிதத்தின்மேல் மெழுகு சும்மா ஊர்ந்து போனது. இரண்டு நிமிடத்தில் கிரேயான் கட்டிலுக்கு அடியில்.

விளையாட்டுப் புத்தி. நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்திருப்பேன்.

அக்டோபர் 20, தீபாவளி

சுகந்திக்கு லீவு. மூவரும் சேர்ந்து வெடி போட்டோம். பாப்பா கையில் கம்பி மத்தாப்பைக் கொடுத்தேன். பொறி பறக்கிற நேரத்தில் கம்பி நழுவிக் காலில் விழுந்தது. நல்லவேளை, பாதத்தில் லேசான சூடுதான். சுகந்தி மஞ்சள் வைத்தாள்.

"பயந்து போட்டுட்டா" என்றேன்.

"பயந்த மாதிரி தெரியலையே. சிரிச்சுக்கிட்டுல இருந்தா" என்றாள் சுகந்தி.

பயம்தான். அடுத்த மத்தாப்பை அவள் கையோடு சேர்த்து நான் பிடித்துக்கொண்டேன். அழகாகச் சுற்றினாள்.

நவம்பர் 7, வெள்ளி

தலைக்குமேல் வெள்ளம். குழந்தைகள் தினத்துக்குத் தேனியில் பல பள்ளிக்கூடங்கள் சேர்ந்து நடத்தும் கலரிங் போட்டிக்கு, எல்.கே.ஜி. சார்பில் நேத்ராவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். ரெஜினா மிஸ் கேட்டில் நிறுத்தி வாழ்த்துச் சொன்னார். "வீட்ல நல்லா பிராக்டிஸ் குடுக்கிறீங்க சார். கலர் மிக்ஸிங் எல்லாம் பிரமாதம்."

"ஆமா மிஸ், அவளுக்கு இயற்கையாவே வருது" என்று என் வாய் சொன்னது. என் வாய்க்கு நான் பொறுப்பில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பகல் முழுக்கப் பயிற்சி. மயில் படம் ஒன்று ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். கெஞ்சினேன், மிட்டாய் காட்டினேன், குட்டிக்கரணம் போட்டேன். மயிலின் கழுத்தில் நாலு நீலக்கோடு விழுந்தது, நாலும் கழுத்துக்கு வெளியே. அப்புறம் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள், பொம்மையைத் தூங்கவைப்பதுபோல.

"கை தூங்குதுப்பா" என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

ஒரு கல்யாண மண்டபம். பந்திப் பாய்களை விரித்துப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். பெற்றோர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். சுகந்தி லீவு போட்டு, புதுச் சுடிதார் போட்டு வந்திருந்தாள். நோட்டில் இருந்த நட்சத்திரங்களை அவள் நம்பியிருந்தாள். நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் குனிந்தன. நேத்ரா மட்டும் குனியவில்லை. நீல கிரேயானை எடுத்தாள், என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள். கையை என் பக்கம் நீட்டி, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "அப்பா வா. ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள்.

சிரிப்பு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது, விளையாட்டென்று நினைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது சிரிப்பு குறைந்திருந்தது. கிரேயான் அவள் கையிலிருந்து தானாக இறங்கிப் பாயில் உருண்டது. எடுக்கப் பார்த்தாள். விரலால் தள்ளத்தான் முடிந்தது. பக்கத்துப் பையன் எடுத்துக் கொடுத்தான். திரும்பவும் விழுந்தது.

சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த மாம்பழம்?"

"நான்தான்."

"கத்தரிக்கா?"

"அதுவும்."

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாப்பா மட்டும், கலந்துகொண்டதற்குக் கொடுத்த பென்சில் டப்பாவைத் திறக்கச் சொல்லி என்னிடம் நீட்டிக்கொண்டே வந்தாள். திறந்து கொடுத்தேன்.

நவம்பர் 17, திங்கள்

ரெஜினா மிஸ் கூப்பிட்டு விட்டிருந்தார். திட்டுவார் என்று முகத்தைத் தொங்கப்போட்டுப் போனேன். அவர் திட்டவே இல்லை. அது இன்னும் மோசம்.

"ஹோம்வொர்க்கை அப்பா அம்மா போடுறது எல்லா வீட்லயும் நடக்கிறதுதான் சார். ஒரு வீட்ல தாத்தா போடுறார், அது கோட்டை விட்டு வெளிய வரும், கண்டுபிடிச்சுடுவோம். நீங்க நல்லா போட்டுட்டீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கிளாஸ்ல பென்சிலே புடிக்க மாட்டேங்கிறா. வீட்லதான் நல்லா பண்றாளே, இங்க அடம்புடிக்கிறான்னு விட்டுட்டேன். ஜூன் மாசம் புடிச்ச மாதிரி ஒரு ஞாபகம் சார். முப்பத்தஞ்சு புள்ளைங்க, எனக்கு உறுதியா சொல்லத் தெரியல. பெரிய ஆஸ்பத்திரில குழந்தைங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. ஒருதடவை காட்டிடுங்க."

வீட்டில் சொன்னேன். சுகந்தி சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். "யோவ், நீ அடிச்ச கலர்ல என் புள்ள கை மறைஞ்சு போச்சுய்யா."

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிடுவது வழக்கம். இன்று பாப்பாவுக்குச் சோற்றைப் பிசையத் தொடங்கினேன். 

நவம்பர் 21, வெள்ளி

ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துவிட்டுப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் பெயர் நஸ்ரின். என்னைவிட வயதில் இளையவர். பாப்பாவைப் பாயில் உட்காரவைத்து மணி கோக்கச் சொன்னார், துணி கிளிப்பை அமுக்கச் சொன்னார், தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். "சூப்பர்டா தங்கம்" என்று சொல்லிவிட்டு, நஸ்ரின் மேடம் சும்மா கையை எடுத்துக்கொண்டார். பிடி விடுபட்டதாகவே தெரியவில்லை.

பிறகு எங்களிடம் கேட்டார். கேள்வி ஒன்றுதான். "இவளுக்கு ஆரம்பத்துல இருந்தே கை இப்படியா? இல்ல, முன்னாடி செஞ்சுக்கிட்டு இருந்ததை இப்ப செய்ய முடியலையா?"

முதலாவது என்றால், கை மெதுவாக வளர்கிறது. பயிற்சி கொடுத்தால் தேறிவிடும். இரண்டாவது என்றால், வளர்ந்தது தேய்கிறது. அதற்கு மதுரைக்குப் போய் நரம்புக்கும் தசைக்கும் சோதனைகள் செய்யவேண்டும், டாக்டர் அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றார்.

"முன்ன பட்டன் போடுவாளா அக்கா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். "நாந்தான் போட்டுவிடுவேன்."

"தானா சாப்பிடுவாளா?"

"ஊட்டித்தான் விடுவோம்."

"செருப்பு? தண்ணி பாட்டில் மூடி? சீப்பு?"

எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பதில். சீராட்டி வளர்த்திருக்கிறோம், பெருமையாகத்தான் வளர்த்திருக்கிறோம். ஒற்றைப் பிள்ளை. அவள் கையால் ஒரு வேலை செய்ய நாங்கள் விட்டதில்லை. அதனால் அந்தக் கைக்கு என்ன தெரியும் என்று அதைப் பெற்ற இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"பழைய கலரிங் ஏதாவது இருக்கா சார்? போன வருஷம், இந்த வருஷ ஆரம்பம்?"

"இருக்கு மேடம். நட்சத்திரமெல்லாம் இருக்கு. ஆனா அது என் கை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு பெரிய பலூன் படத்தைக் கொடுத்து, பாப்பாவையே வண்ணம் அடிக்கச் சொன்னார். புது இடம், அழுதாள். அழுதுகொண்டே பாதி பலூன் அடித்தாள். அதில் தேதி போட்டு வைத்துக்கொண்டார். பொங்கல் கழித்து இதே பலூனைத் திரும்ப அடிக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். இடையில் மாதமொருமுறை பயிற்சிக்கு வரவேண்டும்.

கிளம்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னார். "சார், உங்களுக்கு ஒரே வேலைதான். கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். கிரேயான் கீழ விழுந்தாக்கூட எடுத்துக் குடுக்கக்கூடாது. அவ எடுக்கட்டும்."

சிலிண்டரோடு மூன்று மாடி ஏறுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கிரேயான்களையெல்லாம் சின்னச் சின்னதாக ஒடிக்கச் சொல்லியிருந்தார் மேடம். நீளமாக இருந்தால் முழுக்கையால் பிடிப்பாளாம். துண்டாக இருந்தால் விரல்நுனியால்தான் பிடித்தாகவேண்டும். நான் ஒவ்வொன்றாக ஒடித்தேன். பாப்பா ஓவென்று அழுதாள். "என் கலரெல்லாம் சாகுது" என்றாள். அவளைச் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் ஆனது.

சுவரில் அவள் தோள் உயரத்துக்குக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். நின்றுகொண்டே அடித்தால் மணிக்கட்டு பலப்படுமாம். படத்தின் ஓரக்கோட்டில் பசை தடவி அதன்மேல் கம்பளி நூல் ஒட்டவேண்டும். கிரேயான் நூலில் இடித்ததும், எல்லை வந்துவிட்டது என்று கைக்கே தெரிந்துவிடும். நூலை நான்தான் ஒட்டினேன். அதுவரைக்கும் எனக்கு அனுமதி உண்டு.

சுகந்தி முதல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டாள். இனி சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டில்.

டிசம்பர் 2, செவ்வாய்

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கை தானாக அவிழ்ந்துகொள்கிறது. அதனால் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். கிரேயான் விழுந்தது. பாப்பா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். அவள் குனிந்து எடுக்கப் போனாள். அது உருண்டது, பின்னாலேயே தவழ்ந்தாள். பிடித்தாள், நழுவியது. கடைசியில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, சாமி கும்பிடுகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள்.

எனக்கு வேர்த்துவிட்டது. சிலிண்டரே தேவலை.

டிசம்பர் 10, புதன்

இன்று ஒரு தக்காளி. கால்வாசி. நான் தொடவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

ஊட்டிவிடுவதை நிறுத்தியாகிவிட்டது. தானே பிசைந்து சாப்பிட வேண்டும். தயிர்சாதம் தட்டில் பாதி, தரையில் பாதி, கவுனில் மீதி. ஒரு வாய் எடுத்து வாய்க்குப் போவதற்குள் விரலிடுக்கில் எல்லாம் ஒழுகிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில், "பசி போயிருச்சு" என்றாள். பசி எப்படிப் போகும்? கை ஓய்ந்துபோயிருக்கும்.

சுகந்தி எழுந்து பின்பக்கம் போய் ஏற்கெனவே காய்ந்த துணியை மறுபடி உதறிக்கொண்டிருந்தாள். நான் தட்டை எடுத்துக் கழுவினேன். பாப்பாவுக்குப் பால் கொடுத்தோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். அதுவரை சரி.

டிசம்பர் 28, ஞாயிறு

காசிமாயன் குடும்பத்தோடு வந்திருந்தான். பாப்பா சுவரில் ஒரு வாழைப்பழத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தான். "விடு மாப்ள. எம்மவன் ஏழு வயசு வரைக்கும் கால்சட்டையைத் திருப்பித்தான் போடுவான். இப்ப அவன் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுறான்."

"அவன் இப்பவும் திருப்பித்தான் போடுறான். அது ஃபேஷனாயிருச்சு" என்றாள் அவன் மனைவி.

எல்லோரும் சிரித்தோம். பாப்பாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சிரித்ததில் கிரேயான் விழுந்தது. காசிமாயன் சட்டென்று குனிந்து எடுத்து அவள் கையில் வைத்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "எடுக்காத!" என்று கத்திவிட்டோம். பாவம், பயந்துவிட்டான்.

ஜனவரி 4, ஞாயிறு

நேற்று துணி கிளிப்பை அமுக்கித் திறந்துவிட்டாள்! ஒரு தடவை. சுகந்தி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். இன்று காலையிலிருந்து அதே கிளிப். முடியவில்லை. நேற்று அந்த கிளிப்பின் கம்பி தளர்ந்திருந்ததோ என்று எடுத்துப் பார்த்தேன். தளர்ந்துதான் இருந்தது. சுகந்தியிடம் சொல்லவில்லை.

பனிக்காலம். குளிரில் எல்லாருக்கும்தான் விரல் மரத்துப்போகிறது.

ஜனவரி 15, பொங்கல்

வாசலில் சுகந்தி பெரிய தாமரைக் கோலம் போட்டாள். பாப்பா கலர்ப்பொடிக் கிண்ணத்தில் கைவிட்டு அள்ளினாள். இறுக்கிப் பிடிக்கத் தெரியாத கையிலிருந்து பொடி அதுபாட்டுக்கு ஒழுகியது. ஒழுகிய இடமெல்லாம் ரோஸ். கையை மெல்ல நகர்த்தினாள். ஒரு இதழ் முழுக்க நிறைந்துவிட்டது, கோட்டுக்குள்ளேயே.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சுகந்தி போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். "பாத்தியாய்யா, பாத்தியா? அவளால முடியும்யா. அந்தப் பேப்பர்லதான் வரமாட்டேங்குது. அவ கையில ஒண்ணுமில்ல."

பொடிக்கு அழுத்தம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பொங்கலும் அதுவுமாக எதற்கு?

ஜனவரி 21, புதன்

நாளை மறுநாள் ஆஸ்பத்திரி. இரண்டாவது பலூன் படத்தை மேடம் போன தடவையே கொடுத்துவிட்டிருந்தார். அங்கே வந்தால் பதறுகிறாள், வீட்டில் நல்ல மனநிலையில் இருக்கும்போது அடிக்கட்டும், யாரும் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்.

எனக்கு இன்று லோடு அதிகம். ஏழு மணிக்குத்தான் வந்தேன். "பாப்பா பலூன் போட்டுட்டாளா?" என்றேன்.

"போட்டுட்டா" என்றாள் சுகந்தி.

"எங்க, காட்டு."

"கவர்ல வச்சு ஒட்டிட்டேன். கசங்கிரும்." அரிசி களைந்துகொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

பாப்பா தூங்கிப்போயிருந்தாள். தூங்கும்போது அவள் உள்ளங்கைக்குள் என் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பது வழக்கம். இன்றும் வைத்தேன். பிடி நவம்பரில் இருந்த மாதிரிதான் இருக்கிறது. அப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

வெளியே நல்ல கூட்டம். உள்ளே போனதும் நஸ்ரின் மேடம் முதலில் கவரைத்தான் பிரித்தார். பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. "அக்கா! என்னக்கா இது! இவ்வளவு நிரப்பிட்டாளா?" நவம்பர் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பாதி பலூன் அங்கே. இங்கே முக்கால் பலூனுக்கும் மேல், சிவப்பு. "கண்ணா, நேத்ரா, நீ ராணிடா! நான் டாக்டர்கிட்ட இதைக் காட்டுறேன் சார். ஏறுமுகமா இருந்தா மதுரை இப்ப வேண்டாம்னு அவரே சொன்னார். மூணு மாசம் பயிற்சியைத் தொடருவோம்."

மேசைமேல் இருந்ததை நான் எட்டிப் பார்த்தேன்.

கோடு அங்கங்கே வெளியே போயிருந்தது. ஆனால் அளவாகப் போயிருந்தது. போகவேண்டுமே என்று போயிருந்தது. நடுவில் மெழுகு பளபளவென்று மின்னியது, நன்றாக அழுத்தி அடித்த மினுமினுப்பு. எத்தனை பழங்கள் அடித்தவன் நான். பெரிய கை சின்னக் கையாக நடிப்பது எனக்குத் தெரியாதா? நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெளியே போயிருப்பேன்.

சுகந்தி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆட்காட்டி விரல் நகக்கண்ணில் சிவப்பு இருந்தது.

மேடம் பேனாவைத் திறந்துவிட்டார். நான் பேசாமல் இருந்திருந்தால் மூன்று மாதம் சந்தோஷமாகப் போயிருக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் கையில் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்தேன்.

"மேடம், அது பாப்பா போட்டதில்ல. நான் போட்டது."

பேனா நின்றது. "சார், உங்ககிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"சொன்னீங்க மேடம். பழக்கதோஷம்."

சுகந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

மேடம் என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். ஒரு குழந்தையின் கையோடு விளையாடுகிறீர்களா என்று கேட்டார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். பாப்பாவுக்கு ஒரே ஆச்சரியம், அப்பாவை மேடம் திட்டுகிறாரென்று. பிறகு மேடம் புதிதாக ஒரு பலூன் படத்தை எடுத்தார். சின்ன மேசை போட்டு, பாப்பாவை உட்காரவைத்து, சிவப்பு கிரேயான் துண்டு ஒன்றை வைத்தார். "இங்கயே அடிக்கட்டும். ரெண்டு பேரும் அந்த பெஞ்ச்ல உக்காருங்க. மூச்சு விடக்கூடாது."

இந்தத் தடவை அவள் அழவில்லை. இரண்டு விரலால் கிரேயானைப் பிடித்தாள், நஸ்ரின் மேடம் சொல்லிக்கொடுத்த மாதிரியே, சரியாகப் பிடித்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு அடித்தாள். விழுந்தது. எடுத்தாள். அடித்தாள். விழுந்தது. மேசைக்கு அடியில் உருண்டு எங்கள் காலருகே வந்து நின்றது. பாப்பா இறங்கி, மண்டிபோட்டு வந்தாள்.

சுகந்தி என் கையைப் பிடித்தாள். நானும் அவள் கையைப் பிடித்தேன். ஆறுதலுக்காகப் பிடித்துக்கொண்டோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் குனிந்துவிடாமல் நானும், நான் குனிந்துவிடாமல் அவளும் பிடித்துக்கொண்டோம். அவள் நகம் என் கையில் பதிந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் தெரிகிறது.

பாப்பா எடுக்கப் பார்த்தாள், எடுக்கப் பார்த்தாள். அப்புறம் இரண்டு முழங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

அடித்து முடித்துவிட்டதாக அவளே சொன்னாள். மேடம் அதை எடுத்து நவம்பர் பலூனுக்குப் பக்கத்தில் வைத்தார். நவம்பரில் அழுதுகொண்டே அடித்தது பாதி. இன்று சிரித்துக்கொண்டே அடித்தது கால்வாசிகூட இல்லை. நிறம் இருக்கிறதா என்று காகிதத்தைச் சாய்த்துப் பார்க்கவேண்டியிருந்தது.

 மேடம் எங்களைப் பார்க்காமல் ஒரு தாளை இழுத்து, மதுரைக்கு எழுத ஆரம்பித்தார். "சீக்கிரமா போயிடுங்க சார். திங்கட்கிழமையே. இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார். குரலில் கோபம் போயிருந்தது. கோபம் இருந்திருந்தால் தேவலை.

பாப்பா அவர் மேசையருகே போய், தன் படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"மேடம், இது எங்க அப்பா போடல. நான் போட்டது."

"ஆமாடா தங்கம்" என்றார் மேடம். "நீதான் போட்ட."